சுருள் மாற்றும் நேரம்

டெண்டுக் கொட்டகையில் எனக்குப் பிடித்ததே சுருள் மாற்றும் நேரம்தான். அப்போதெல்லாம் ஒரே எந்திரம். ஒரு பிலிம் சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து ஊர் வம்பையெல்லாம் பேசித் தீர்ப்போம். "படம் நின்னாத்தாம்மா எனக்கு யாவாரம் ஓடும்" என்பார் முறுக்கு விற்கிறவர். அந்த ஒரு சாயங்காலம் மட்டும், விளக்கே போடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதை என்னவென்று யாரும் சொல்லவில்லை. பாட்டு நிறைய என்றார்கள்; மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். படத்தில் ஒரு மிராசுதார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. ஒரு முஸ்லிம் பக்கிரி வாசலில் வந்து நின்று, இவள் என் மகள், கைக்குழந்தையாக உங்களிடம் விட்டுப்போனேன் என்கிறார்.

பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்த என் மகளையும் நான் பெறவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஜட்கா வண்டி ஓட்டிய முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. பேதி கண்டு புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தடுத்துப் போனார்கள். என் குழந்தை தவறி மார்பில் பால் கட்டியிருந்த நேரம்; அழுத பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர்கள் சொந்த ஊரான ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து உறவென்று யாரும் வரவில்லை. அந்தத் தாய் இறந்த நாளில் வருஷா வருஷம் தர்காவில் சர்க்கரை வைத்து அவள் பேருக்கு ஓதச் சொல்லி வாங்கி வருவேன். மகள் கேட்டால் வேண்டுதல் என்பேன். எங்கள் தெருத் தறிக்காரர் வீடுகளில் பாதிப்பேர் அங்கே வேண்டிக்கொள்கிறவர்கள்தான். தெருவுக்கே விஷயம் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

விளக்கு எரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரி திரும்பி, என் மகளையே பார்த்தாள். "என்னாக்கா, கதை எங்கியோ கேட்ட மாதிரியே இருக்குதே" என்றாள். எல்லாம் கேட்ட கதைதான் என்று சொல்லி அவள் கையில் ஒரு முறுக்கை வைத்தேன். மெல்லுகிற வரைக்குமாவது வாய் சும்மா இருக்குமே.

மறுபடி இருட்டு. படத்தில் தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கு ஒலிக்கிறது. கேட்டதும் படத்துப் பெண் மயங்கி விழுகிறாள். எழுந்ததும் தான் யாரென்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. கொட்டகையே உச்சுக்கொட்டியது. எனக்கு ஆத்திரம். என் மகளும்தான் தொட்டில் காலத்திலிருந்து பாங்கு கேட்கிறாள். கேட்டதும் உலை வைக்க எழுந்து போவாள், அவ்வளவுதான்.

பிறகு படத்தில் அந்த வளர்த்த தாய், பெண்ணின் குங்குமத்தை முந்தானையால் அழித்தாள். தலைப்பூவை எடுத்தாள். பக்கிரியிடம் ஒப்படைத்தாள். கைதட்டல். அத்தனை வருஷம் ஊட்டிய சோறு எங்கே போயிற்று? ஒரு துடைப்பில் ஆள் மாறிவிடுமா?

விளக்கு. எதிர்வீட்டுக்காரி இந்தமுறை முழுதாகவே திரும்பி உட்கார்ந்துவிட்டாள். மகளின் நெற்றியைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் மகள் கேட்டாள்: "என்னாத்துக்கு அத்தே என்னையே பாக்கறீங்க? படம் அந்தாண்டதானே காட்டறாங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை. தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

படம் விட்டு வீட்டுக்கு நடந்தோம். தெருமுனை வந்ததும் நின்றாள்.

"தர்காவுல சர்க்கரை ஓதறோமே, அது வேண்டுதல் இல்லியாம்மா?"

இல்லை என்றேன். உன்னைப் பெற்றவளுக்கு என்றேன்.

"என்னியும் அந்த மாதிரி அழிச்சி அனுப்புவியா?"

"எவன் வந்து கேட்டாலும் அனுப்பமாட்டேன். நீயா போறேன்னாத்தான்."

விறுவிறுவென்று நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள். ஏன் அந்த 'நீயா'வைச் சொன்னோம் என்று அன்றிலிருந்து எனக்குப் புழுக்கம். குங்குமச் சிமிழை அவள் கையில் எடுக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பேன். வைத்துக்கொள்கிறாளா என்று பார்க்கத் தைரியம் வராது.

பெற்றவள் இறந்த நாள் மறுபடி வந்தது. தட்டை அவளே தூக்கிக்கொண்டாள். யார் பேருக்கு என்று ஓதுகிற பெரியவர் கேட்பார். தெரிந்தவர்களுக்கு என்று நான் முணுமுணுப்பது வழக்கம். அன்று எனக்கு முன்னால் அவள் சொன்னாள்.

"எங்க அம்மாவுக்கு."

நெற்றியில் குங்குமம் இருந்தது. பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடி ஓதினார்.

வாசலுக்கு வந்ததும் ஒரு சிட்டிகை சர்க்கரையை என் வாயில் போட்டாள். பாங்கு கேட்டது.

"வாம்மா, நேரமாவுது" என்றாள். "உலை வெக்கணும்."