எதிர்வாசலில் விளக்கு இல்லை

அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வாங்கிய சில மாதங்களிலேயே என் கணவருக்கு வேலை போய்விட்டது. எனக்கு எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி மேல்தான் சந்தேகம். தனியாக இருப்பவர், எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் அந்தம்மா கண்ணுதான். திருஷ்டி சுத்திப் போடணும்" என்றேன்.

"கம்பெனில லே-ஆஃப் பண்ணா அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கணவர் சிரித்தார்.

நான் கேட்கவில்லை. கடையில் குவிந்துகிடந்த ஆரஞ்சுப் பூசணியில் ஒன்றை வாங்கிவந்து, உள்ளே குங்குமம் கொட்டி, வீட்டுக்குச் சுற்றி, வாசலில் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் போட்டு உடைத்தேன்.

அன்று ஹாலோவீன், பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக வரும் நாள். பொழுது சாய்ந்தபோது பனிமூட்டத்துக்குள் ஒரு நெருப்பு முகம் சிரித்தபடி எங்கள் வாசலை நோக்கி மிதந்து வந்தது. அருகில் வந்த பிறகுதான், விளக்கு வைத்த பூசணியை ஏந்திவந்த அந்தம்மா தெரிந்தார்.

"யாரோ பசங்க உங்க பூசணியை உடைச்சிட்டாங்க, பாவம்" என்று ஆங்கிலத்தில் வருந்தினார். "கெட்டது எதுவும் அண்டக் கூடாதுன்னுதான் இந்த முகத்தைச் செதுக்குறது. இன்னைக்கு உங்க வாசல் வெறுமையா இருக்க வேண்டாம்."

இன்னும் குங்குமம் ஒட்டியிருந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் படியில் பூசணியை வைத்துவிட்டுப் பனிக்குள் மறைந்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் வாசல் இருட்டாக இருந்தது.

இப்போது ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் இரண்டு பூசணி செதுக்குகிறேன். எதிர்வாசலில் முதலில் ஏற்றிவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வருகிறேன்.