பட்டியலில் ஏறாத பெயர்

விமானம் காணாமல் போன செய்தி வந்த காலையில், பூதலூர் ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடையில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கத்திலேயே எனக்குச் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருந்ததால் உலக விவரம் தெரிந்தவன் என்று நினைப்பு வேறு.

"இவ்ளோ பெரிய பிளேன் எப்படிங்க காணாமப் போகும்? எவனோ கடத்திட்டான். எங்கயோ எறக்கி வச்சிருக்கானுங்க, வேணும்னா பாருங்க" என்றேன். பைலட்டுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும் என்றார் உரக்கடைக்காரர். இன்னொருவர் வேற்றுக்கிரகம் வரைக்கும் போய்விட்டார். விழுந்து விழுந்து சிரித்தோம். நான் இரண்டாவது டீ சொன்னேன்.

அது கையில் இருக்கும்போதே தங்கை போன் செய்தாள். அவள் புருஷன், என் மச்சான், வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். பழைய கம்பெனியை விட்டுவிட்டு வேறொரு நாட்டில் புது வேலைக்குக் கிளம்பியிருந்தான்.

"அண்ணே, டிவியில ஒரு பிளேன் சொல்றாங்களே, அது அவங்க போன பிளேனாண்ணே?"

டிக்கெட்டை என் கடை மெயிலுக்குத்தான் அனுப்பியிருந்தான். அதைப் பிரிண்ட் எடுத்து, அவளுக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டு, இன்னொன்றை டிராயரில் போட்டவன் நான். விமானத்தின் எண்ணைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றுதான் படித்தேன். அதே எண்.

சாவு வீட்டில் என்ன செய்வது என்று எங்கள் ஊருக்குத் தெரியும். மாதா கோயில் மணி அடிக்கும், ஆட்கள் வருவார்கள், நாற்காலி வந்து இறங்கும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காணாமல் போனதற்கு மணி கிடையாது. வந்தவர்களுக்கு அழுவதா, ஆறுதல் சொல்வதா என்று விளங்கவில்லை. அதனால் ஆளுக்கொரு கதை கொண்டுவந்தார்கள். ஒருவர் தீவு என்றார். ஒருவர் ராணுவம் சுட்டுவிட்டு மறைக்கிறது என்றார். எல்லாம் நல்ல மனதோடுதான். தங்கை எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்:

"அதுல ஆளுங்க உசிரோட இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றால் அந்தக் கதை அவளுக்கு வேண்டும். இல்லையென்றால் உள்ளே எழுந்து போய்விடுவாள். நானும் கம்ப்யூட்டரில் தேடி, ஆட்கள் உயிரோடு இருக்கும் கதைகளாகப் பொறுக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் அவற்றை ஒரு ஃபைலில் அடுக்கி வைத்தாள்.

மூன்றாவது வாரம், உச்சி வெயிலில் கடைக்கு வந்து நின்றாள். சாப்பிட்டு இரண்டு நாள் ஆனது போல இருந்தது முகம். "உன் போன்லேருந்து அவங்க நம்பரைப் போடுண்ணே. என் போன்ல போட்டா சத்தமே இல்லாமக் கெடக்குது." போட்டேன். இரண்டு முறை மணி அடித்தது. பிறகு அறுந்துவிட்டது.

என் தொழிலில் இருப்பவனுக்கு இது தெரியும். அந்தப் பக்கம் நெட்வொர்க் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் மணி கேட்கும். போன் கடலுக்கடியில் கிடந்தாலும் கேட்கும். தெரிந்தேதான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"ரிங் போவுதுடி."

அன்று அவள் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாவி நான், எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!

ஒரு மாதம் போயிருக்கும். கீழ்வேளூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஆள் ஒருவர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கேட்டார்: "இந்த ஊர்லதானே சார், காணாமப் போன பிளேன்லேருந்து ஒருத்தன் போனை எடுத்துப் பேசினானாம்? தண்ணி தண்ணின்னானாமே?" நான் விட்ட இரண்டு மணிச்சத்தம், ஊர் சுற்றி, வாயும் தாகமும் முளைத்து என் கடைக்கே வந்து நின்றது. "எவன் சொன்னான் உங்களுக்கு? வேலையைப் பார்த்துக்கிட்டுப் போங்க சார்" என்று எரிந்து விழுந்தேன். எவன் சொன்னான் என்று எனக்குத் தெரியாதா?

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். புல்லைச் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, செவந்திப்பூவும் மெழுகுத்திரியும் வைப்போம். அதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் பூசையில் பங்குச் சாமியார் அவற்றை வரிசையாக வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டால் அந்த ஆத்துமத்துக்காக ஊரே வேண்டிக்கொள்கிறது என்று அர்த்தம்.

மச்சானின் பெயரை எழுதக் கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள். "உசிரோட இருக்கறவங்க பேரைச் செத்தவங்களோட சேத்துப் படிப்பீங்களா? அண்ணன் ரிங்கு கேட்டிருக்கு."

இரண்டு நாள் கழித்து அவள் மாமியார் கடைக்கு வந்தார். சர்க்கரை வியாதி, காலில் புண், பூதலூர் வெயிலில் அரை மைல் நடந்து வந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தம்பி, நெசத்தைச் சொல்லுங்க. ரிங்கு கேட்டீங்களா?"

நான் ரீசார்ஜ் கார்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"உசிரோட இருந்தா நான் காத்திருக்கேன். இல்லேன்னா எம்புள்ள மோட்சத்துக்குப் போவ முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிப்பானேங்க. அவனுக்குக் குழியும் இல்ல, பூசையும் இல்ல. ஒரு மெழுகுத்திரி ஏத்த எடமில்ல. அவன் பேரை ஒரு தடவ படிச்சிட்டாங்கன்னா, நான் ஒரு மூலையில ஒக்காந்து அழுதுட்டு, அவனுக்காக வேண்டிக்குவேன். அவ்வளவுதான் நான் கேக்குறது."

சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாருமில்லை. ஆனால் சொன்னால் அன்று சாயங்காலமே தங்கைக்குத் தெரிந்துவிடும். அவள் ஃபைலை எடுத்து அடுப்பில் போடுவாள், சாப்பாட்டை நிறுத்துவாள், என்னை என்ன நினைப்பாள்? இந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடியில் போட்டுவிட்டு, "கேட்டேன் அத்தை. நல்லாவே கேட்டுது" என்றேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். ஆட்டோ வைத்துக்கூட அனுப்பவில்லை நான்.

அந்த வருடப் பட்டியலில் மச்சான் பெயர் இல்லை. மழைத் தூறலில் சாமியார் வாசித்து முடிக்கும்வரை அந்த அம்மா குடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக எந்தத் தாய் கல்லறையில் அழுவாள்?

அடுத்த சம்பா நாற்று விடும் சமயத்தில் அவர் இறந்துபோனார். கடைசி வாரம் அவருக்குப் புத்தி தெளிவாக இல்லை. யார் உள்ளே வந்தாலும் "போன் வந்துதா?" என்றுதான் கேட்டார் என்று தங்கை சொன்னாள்.

மறுபடி கல்லறைத் திருநாள் வந்தது. தங்கை தாளோடு என்னிடம் வந்தாள். அதில் மாமியாரின் பெயர் மட்டும் இருந்தது. ஒரு காப்பி எடுத்துக் கொடு என்றாள். மிஷினில் தாளை வைத்தேன், பட்டனை அழுத்த முடியவில்லை. மணி எப்படி அடிக்கும், ஏன் அடிக்கும், எனக்கு அது அன்றே தெரியும், எல்லாவற்றையும் கொட்டினேன். மாமியாருக்கும் அதே பொய்யைச் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன்.

கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். மிஷின் மூடியைத் தூக்கித் தாளை வெளியே எடுத்தாள்.

"என்கிட்ட சொன்னதை விடு. நான் அன்னிக்குச் சோறு தின்னேன்" என்றாள். "அந்தம்மா நடந்து வந்து கேட்டுச்சே. அதுக்காவது சொல்லியிருக்கலாமேண்ணே. வாய்விட்டு அழுதுட்டுப் போயிருக்கும்."

என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மாமியார் பெயருக்குக் கீழே புருஷன் பெயரை எழுதினாள். காப்பி வேண்டாம் என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

சாமியார் அம்மாவையும் பிள்ளையையும் அடுத்தடுத்து வாசித்தார். தங்கை ஒரே கல்லறையில் இரண்டு மெழுகுத்திரி ஏற்றினாள். நான் வாசல் பக்கமே நின்றுவிட்டேன்.

அவள் போனில் காசு தீரும் நாள் எனக்கு எப்போதும் தெரியும். அந்த மாதம் அவள் வரவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. அங்கே ரீசார்ஜ் போட்டுக்கொள்கிறாள்.