நான்கு இடப் பதிவை ஒன்றாக்கியவன்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய கையால் கீபோர்டு தட்டக் கற்றேன். ஒரு பிரவுசிங் சென்டர், நூம்பலில் மாடி வீடு, எஸ்டேட்டின் சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் வெப்சைட், அத்தனைக்கும் அடியில் ஓடும் ஒரு பிளகின் லைப்ரரி, அதாவது எல்லா வெப்சைட்டும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. எல்லாம் நான் கட்டியவை. எவனும் கை கொடுக்கவில்லை.

லைப்ரரியில் ஒரு குறை இருந்தது. வெப்சைட் பக்கத்தில் வைக்கும் ஒவ்வொரு துண்டையும் பிளாக் என்போம். புதிய பிளாக் செய்தால் அதை நான்கு இடங்களில் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கம்ப்யூட்டர் வாய் திறந்து சொல்லாது.

நான் லேத் கற்ற பட்டறையின் முதலாளி ஒரு நாள் விடியற்காலையில் இறந்துபோனார். மகன் போன் செய்தார்.

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு எடுக்குறோம். நம்ம பட்டறை சைட்டுல டைம் போட்டுடுங்க. அந்த லிங்க்கத்தான் எல்லாருக்கும் அனுப்பப் போறேன்."

இரங்கல் செய்திக்கென்று அவசரமாக ஒரு பிளாக் செய்தேன். மூன்று இடத்தில் பதிந்தேன். வெளியே பார்ப்பவர்களுக்குக் காட்டும் நான்காவது பதிவை மறந்தேன். எனக்கு உள்ளே, பக்கத்தைத் திருத்தும் எடிட்டரில், நேரம் பளிச்சென்று தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மற்றவர்கள் பார்த்த பக்கத்தில் அவர் படமும், கீழே வெறும் வெள்ளையும்தான்.

என்னோடு வேலை செய்த பழைய ஃபிட்டர் ஆவடியிலிருந்து வந்து சேர்ந்தபோது, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"சாயங்காலம்தான் எடுப்பாங்கன்னு நெனச்சுகினு வந்தேன். டைமே போடல. யாரு போட்டது அத்த?"

"நான்தாம்ப்பா."

"நீயா? ஊரெல்லாம் பீத்திகினு திரிவியே! கடைசியா மூஞ்சிய கூட பாக்க உடலியேடா."



மறுநாளே உட்கார்ந்து தாய் கிளாஸ் ஒன்றை, எல்லா பிளாக்குக்கும் பொதுவான அச்சு நிரலை, எழுதினேன். எந்த பிளாக்கும் இனி அதன் பிள்ளை. தன் பெயரை மட்டும் சொன்னால் போதும், நான்கு பதிவையும் தாயே செய்துவிடும். பெயர் சொல்ல மறந்தால் அங்கேயே நின்று கத்தும்.

இப்போது லைப்ரரியைக் கவனிப்பவர்கள் படித்த பிள்ளைகள். லைப்ரரியில் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் மாற்றக் குறிப்பில் 'பதிவு எளிமையாக்கப்பட்டது: குழு' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே 'இரங்கல் பிளாக் தெரியாத பிழை' என்ற வரி. அதில் மட்டும் என் பெயர்.

"டீம்னா நீங்களும் அதுல வர்றீங்கல்ல சார்?" என்றான் ஒருவன்.

"அப்போ அந்தத் தப்பையும் டீம் பேர்லயே போடு தம்பி."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பிழை என் பெயரில் இருக்கட்டும். அது என்னுடையதுதான். அதன் மேல் வரியிலிருந்து 'குழு'வை எடுத்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.