பாறைக்களத்தில் ஓடியவர்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. எட்டாவது வரை படித்தவள். தையல் மிஷினில் குனிந்தே பாதி வயதைக் கழித்துவிட்டேன். நாலு பேர் எதிரில் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவைப் பற்றி ஒன்றை இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது ஒரு பூட்ஸ் வரிசை. எங்கள் ஊர்ப் பாறைக்களத்தின் விளிம்பில் முப்பது ஜோடி கறுப்பு பூட்ஸ்கள், கல்யாண வீட்டு வாசலில் கிடப்பது போல. சாமையும் கேழ்வரகும் காயப்போட்டு அடிக்கிற பாறை அது. யாரும் செருப்போடு ஏறமாட்டோம். சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. விளிம்பு வந்ததும் கால் தானாகக் கழற்றிவிடும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மலைக்கு ஒரு சினிமாக் குழு வந்தது. பட்டாளத்துப் படம். ஆனால் சண்டையைப் புகழ்கிற படம் இல்லையாம். சாதாரணச் சிப்பாய்கள் குளிரில் காத்திருப்பார்கள், வீட்டுக் கடிதத்துக்கு ஏங்குவார்கள், எதற்கென்று தெரியாமலே செத்துப்போவார்கள். கண்ணாடி போட்ட சின்ன வயது டைரக்டர் அப்படித்தான் சொன்னார். சிப்பாயாக நிற்க எங்கள் ஊர் ஆட்களையே எடுத்தார். லாரியில் வந்த பேண்ட் எதுவும் அவர்கள் இடுப்பில் நிற்கவில்லை. பிடித்துத் தைக்க என்னைக் கூப்பிட்டு, களத்தோரமே மிஷினைப் போட்டுக்கொடுத்தார்கள்.

சித்தப்பா என் அப்பாவுக்குத் தம்பி. நிஜமாகவே பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து, மிளகும் மரவள்ளியுமாகக் காலம் தள்ளியவர். அங்கே நடந்ததைக் கேட்டால், "என்னத்தக் கண்ணு சொல்றது? நடந்தோம், நின்னோம், சோறு தின்னோம்" என்பதோடு முடித்துவிடுவார். துப்பாக்கி பிடிப்பதைக் காட்டித்தரும்படி டைரக்டர் கெஞ்சியதால்தான் அவரும் சட்டை மாட்டினார்.

அன்று சாயங்காலக் காட்சி. சிப்பாய்கள் பாறையைக் கடந்து ஓட வேண்டும். வெடி வெடித்தது, புகை எழுந்தது, "ஓடு" என்று மைக்கில் சத்தம் வந்தது. எல்லாரும் ஓடினார்கள். விளிம்பு வந்ததும் அத்தனை பேரும் உட்கார்ந்து கயிறு அவிழ்த்தார்கள்.

"யோவ், குண்டு விழுந்துட்டிருக்கு, என்னய்யா பண்றீங்க?" என்று டைரக்டர் கத்தினார்.

"களமுங்க சார். அந்தக் குண்ட அரை நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க."

சிரித்து முடிப்பதற்குள் ஒருவர் எதிர்ப்பக்கம் போய்க் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்தோம். சித்தப்பா. காலில் பூட்ஸ்.

"ஏனுங்க பட்டாளத்தண்ணா, நம்ம களத்துல பூட்ஸோட ஏறிட்டீங்களே!"

அவர் எழுந்து குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது. டைரக்டர் கைதட்டினார். "இவரைப் பாருங்கய்யா! இவர் மாதிரிதான் ஓடணும்!"

சித்தப்பா மெதுவாக என் மிஷின் பக்கம் வந்து உட்கார்ந்தார். பூட்ஸ் முடிச்சை இழுத்து இன்னும் இறுக்கிவிட்டார். நான்தான் அவிழ்த்துவிட்டேன். அப்போது சொன்னார்.

"எல்லையோரத்துல ஒரு ஊரு கண்ணு. களத்துல என்னமோ தானியம் காஞ்சுட்டிருந்துச்சு. ஓடுன்னாங்க, ஓடுனேன். மிதிச்சுக்கிட்டேதான் ஓடுனேன். ஒரு பொம்பள மொறத்தோட நின்னு பாத்துட்டே இருந்தா. திட்டக்கூட இல்ல. உங்க சித்திகிட்ட இதச் சொல்லிறாத."

அவர் பார்த்த சண்டையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சித்திக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பிறகு சித்தப்பா வெறுங்காலோடு டைரக்டரிடம் போய்க் கைகூப்பினார். "நான் ஓடுனத அழிச்சுருங்க சார். வெறுங்கால்ல இன்னொருக்கா ஓடறேன்."

"பட்டாளத்துக்காரன் வெறுங்கால்ல ஓடினா படம் பாக்கறவன் சிரிப்பானே?"

"சாவப்போற ஆளுங்கதானுங்க. கழட்டிப் போட்டுட்டே சாவறோம்."

டைரக்டர் வானத்தைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சரி என்றார். அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னார். முப்பது பேரும் வெறுங்காலோடு ஓடி, பாறையில் விழுந்து செத்தார்கள்.

படம் எங்கேயோ முடங்கிப்போயிற்று. சித்தப்பா சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் என் கடையில் நின்று கேட்பார். "வந்துருச்சா கண்ணு? அது இருக்காதுல்ல?" இருக்காதுங்க என்பேன். கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துவிட்டது, சொல்லிச் சொல்லி எனக்கும். ஆனாலும் விடவில்லை. போன வருடம் மழைக்காலத்தில் தவறிப்போனார். அதற்கு முந்தின வாரமும் கேட்டார்.

போன மாதம் படம் டிவியில் வந்தது. சித்தி வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். பூட்ஸ் வரிசையை வெகுநேரம் காட்டினார்கள். அப்புறம் வெறுங்கால்கள். நடுவில் சித்தப்பா.

"இந்தா, உங்க சித்தப்பா! ஓடறதப் பாரு இந்த வயசுல" என்று சித்தி சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முடியப்போகும் நேரத்தில், புகைக்குள்ளே, இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் எங்கள் பாறையின் மேல் ஓடின. முகம் இல்லை. கண் மூடித் திறக்கும் நேரம்தான். இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் விழுந்தது, சித்தப்பா நடப்பது போலவே. அந்தப் பேண்டின் அடிமடிப்பைத் தைத்தவள் நான். அவர் இல்லாமல் போனது நல்லதாயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கூசிக்கொண்டிருக்கிறேன்.

"ஆரு கண்ணு அந்தப் பாவி? களத்துல பூட்ஸோட ஓடறான்? அசலூர்க்காரனா இருப்பான்" என்றாள் சித்தி.

"ஆமாங்க சித்தி" என்றேன்.

மறுநாள் வெயில் இருந்தது. சித்தியும் நானும் செருப்பை விளிம்பில் விட்டுவிட்டு, பாறையைக் கழுவி, சாமை காயப்போட்டோம்.