‘ப்ளர்’ என்பதற்கு நான் சொன்ன பொருள்

நீராவியில் வெந்த துணியின் வாடையும் மல்லிகை மணமும் ஒன்றாகக் கலந்து, மாலை ஆறரைக்கு அம்மாவோடு எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டுக்குள் நுழையும். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடம் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். ஞாயிறன்று சிராங்கூன் சாலையில் வாங்கும் பூச்சரத்தை டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, வாரம் முழுக்கத் துண்டு துண்டாக வெட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவாள்.

அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்து மன்னார்குடியிலிருந்து நாங்கள் இங்கே வந்தபோது எனக்கு ஏழு வயது. இரண்டே ஆண்டில் ஆங்கிலம் எனக்குத் தண்ணீராக ஓடியது. அம்மாவுக்கு அப்படி வரவில்லை. வேலையிடத்தில் காதில் விழும் சொற்களைத் தமிழெழுத்தில் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கியபடி என்னிடம் பொருள் கேட்பாள். ‘ஷீட்’ என்பதை இழுத்துச் சொல்ல வேண்டும், குறுக்கினால் வாயில் வரக்கூடாத சொல்லாகிவிடும் என்று நான் கற்றுக்கொடுத்ததும், அவள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே “ஷீ...ட், ஷீ...ட்” என்று மாணவியைப்போலச் சொல்லிப் பார்த்ததும் எனக்குப் பெரிய கர்வமாக இருந்தது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: “கூட வேலை செய்யுற சீனக்கா என்னைப் பாத்து ‘சோ ப்ளர்’னு சொல்லிக்கிட்டே இருக்காங்கடி. எல்லாரும் சிரிக்கிறாங்க. தலையில பூ வச்சிருக்கேன்ல, ஃப்ளவரத்தானே அப்படிச் சொல்றாங்க?”

எனக்குத் தெரியும். எங்கள் பள்ளி நடைவழியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புழங்கிய சொல் அது. சொன்னது புரியாமல் முழிப்பவர்களை, தவறான வரிசையில் போய் நிற்பவர்களை, மந்தம் என்று கேலி செய்யும் சொல்.

“ஆமாம்மா, பூதான். நீங்க பூ மாதிரி இருக்கீங்கன்னு சொல்றாங்க” என்றேன்.

அம்மாவின் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையல்ல. மறுநாள் என் தோழி ஷெரிலிடம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படியே சொல்லிச் சிரித்தேன்.

சில வாரங்கள் கழித்துப் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்காததால் அம்மா வந்தாள். பேருந்தில் வரும்போதே உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பாசிரியை என் மதிப்பெண்களைக் காட்டிவிட்டு, அம்மாவின் வேலை எப்படிப் போகிறது என்று மரியாதைக்குக் கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, புன்னகையோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “வெரி குட், டீச்சர். மை வொர்க் பிளேஸ், ஆல் ஃபிரண்ட் கால் மீ சோ ப்ளர்.”

ஆசிரியை சட்டென்று தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். எங்களுக்குப் பின்னால் தன் அம்மாவோடு காத்திருந்த ஷெரில் களுக்கென்று சிரித்தாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். நான் அம்மாவின் பக்கம் இல்லை, அவர்கள் பக்கம் என்று ஷெரிலுக்குக் காட்ட வேண்டியிருந்தது எனக்கு. மகளும் மகளின் தோழியும் மகிழ்ச்சியாகச் சிரிப்பதைப் பார்த்த அம்மா, தானும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் எரிகிறது.

ஆனாலும் அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அந்த வாரமே என் அகராதியை எடுத்து எழுத்துக்கூட்டித் தேடிக் கண்டுபிடித்தாள். அதில் ‘மங்கல், தெளிவற்ற வடிவம்’ என்றுதான் போட்டிருந்தது. தன்னை எதற்கு மங்கல் என்கிறார்கள் என்று தன்னோடு துணி மடிக்கும் ரோஹானா என்ற மலாய்க்காரப் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். அவர் தயங்கித் தயங்கி, “கோபப்படாத லா” என்று கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாராம்.

அன்று மாலை அம்மா இதை என்னிடம் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உனக்கு அன்னைக்கே தெரியுமாடி?”

“தெரியாதும்மா. நானும் பூன்னுதான் நெனச்சேன்.”

என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “சரி” என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்து ரசத்தைச் சூடாக்கினாள். அடுத்த மாதம் சமூக மன்றத்தில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். மூன்று ஆண்டுகள் ஒரு வாரம்கூடத் தவறாமல் போனாள். கடைசியில் அதே சலவைக்கூடத்தில் அந்தச் சீனக்காவுக்கே மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றாள்.

அந்தச் சலவைக்கூடம் இப்போது இல்லை, கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். நாங்களும் சுவா சூ காங்குக்கு வீடு மாறி வந்துவிட்டோம். நான் ஓர் அலுவலகத்தில் ஆங்கில அறிக்கைகளைத் திருத்திப் பிழைக்கிறேன். யார் யாரோ என்னிடம் சொல்லுக்குப் பொருள் கேட்கிறார்கள். அம்மா மட்டும் அந்த மாலைக்குப் பிறகு ஒரு சொல்லைக்கூட என்னிடம் கேட்டதில்லை.

போன மாதம் சாப்பாட்டு மேசையில், மருத்துவமனையிலிருந்து தனக்கு வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லில் தடுக்கி நின்று, கைப்பேசியை எடுத்து அதை மெல்லத் தட்டச்சு செய்தாள்.

“என்னைக் கேக்கலாமேம்மா” என்றேன்.

“பரவால்லடி, நானே பாத்துக்கிறேன்” என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் வந்த பொருளை வாய்க்குள் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.