கலைமதி படித்த படிப்பு

மரக்காணம் தாலுகா ஆபீஸில் கலைமதி எம்.ஏ. படிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன எம்.ஏ. என்று கேட்டவர்கள்தான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"தீவிரவாதமும் அரசியல் வன்முறையும்" என்று அவள் முதன்முதலில் சொன்னபோது பக்கத்து மேசை ரேணுகா சிரித்துவிட்டாள். அப்புறம்தான் கலைமதியின் கணவர் எப்படிச் செத்தார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனாள். வீட்டில் மாமியார் பாப்பாத்தி அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தார்: "கம்ப்யூட்டர் படிக்குது."

கணவர் தமிழரசன் மத்திய ரிசர்வ் போலீஸில் இருந்தவர். உப்பளத்துக் கூலிக் குடும்பத்தில் யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள். சத்தீஸ்கர் காட்டில் ரோடு போடுகிறவர்களுக்குக் காவலாகப் போன ஜீப், மண்ணுக்கடியில் புதைத்திருந்த குண்டின் மேல் ஏறியது. கொடி போர்த்திய பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்தார்கள். கூட்டம் கலையும்போது கலைமதி, பெட்டியோடு வந்த அதிகாரியிடம் போய் நின்றாள்.

"யாரு சார் வச்சாங்க?"

"மாவோயிஸ்ட்டுங்கம்மா."

"அது தெரியும் சார். யாரு?"

நல்ல மனிதர். அவள் தோளைத் தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

குழந்தை இல்லை. கருணை அடிப்படையில் வேலை வந்தது. மாமியார் விடிவதற்கு முன்னாலேயே உப்பளத்துக்குப் போவார். மருமகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போவாள். நினைவு நாளில் ஊர்ப் பையன்கள் ஃப்ளெக்ஸ் வைத்து, மாலை போட்டு, அவளை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். மற்ற நாட்களில் தமிழரசனைப் பற்றி அவளிடம் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் அழுவாள் என்று பயம். அவளுக்கோ அழுகை வற்றி வெகு நாளாகியிருந்தது. அந்த ஒரு கேள்விதான் பாக்கி.

அதைப் பற்றியே போனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தவள் கண்ணில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் முதுகலைப் படிப்பு பட்டது. திண்டிவனம் காலேஜில் முடித்த பி.ஏ. வரலாறு போதுமாம். உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டாள். கிடைத்துவிட்டது.

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. ஆபீஸ் முடிந்ததும் ஸ்கூட்டியை உப்பளத்து வரப்புச் சாலையில் நிறுத்தி, போனை ஹேண்டில்பாரில் சாய்த்து, காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். திரையில் பல தேசத்து முகங்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் அது மதியம். இங்கே பாத்திகளில் தேங்கிய தண்ணீர் செவ்வந்தி நிறமாகிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் படிக்க அவளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். அகராதியில் பார்த்த சொல்லையே அடுத்த பக்கத்தில் மறுபடி பார்ப்பாள். ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தார். திரையில் பெரிய எழுத்தில் 'டெரரிசம்' என்றிருந்தது.

"இன்னாமா இது?"

"படிக்கிறேன் சார்." யாருடைய மனைவி என்றும் சொன்னாள்.

அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். போகும்போது மட்டும் வண்டி எண்ணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

முதல் வருஷக் கடைசியில் ஒரு வகுப்பு. பேராசிரியை ஒரு படம் காட்டினார்: செம்மண் ரோட்டில் ஒரு பெரிய பள்ளம், பக்கத்தில் ஒரு ஒற்றை பூட்ஸ். தமிழரசன் செத்த இடமல்ல, வேறு ஏதோ ஊர். கூடப் படிக்கிற ஒரு பையன், சின்ன வயசு, ரொம்பத் தெளிவாகப் பேசுகிறவன், இது உயிர்ச்சேதம் குறைவான தாக்குதல் வகையைச் சேர்ந்தது என்றான். கலைமதி மைக்கை ஆன் செய்தாள். அவள் அதுவரை வகுப்பில் வாயே திறந்ததில்லை.

"குறைவுன்னா எவ்வளவு?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். "என் வீட்டுக்காரர் இப்படி ஒரு ரோட்டுலதான் செத்தாரு."

பையன் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பாடத்தை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்று பேராசிரியை பிறகு தனியாக எழுதினார். விட வேண்டாம் என்று பதில் போட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவள் பெயர் திரையில் வந்தாலே எல்லோரும் வார்த்தையை அளந்து பேச ஆரம்பித்தார்கள். ஊரில் நடந்ததேதான் அங்கேயும் நடந்தது.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், ஆயுதம் தூக்கிப் போய்ச் செத்தவர்களின் குடும்பங்கள். பேராசிரியை யோசித்துத்தான் சம்மதித்தார். கூடப் படித்த, சத்தீஸ்கர் ராய்ப்பூரைச் சேர்ந்த பத்திரிகைக்காரர் ஒருவர் மூலம் ஒரு தாயின் போன் நம்பர் கிடைத்தது. அந்தம்மாவின் பெயரைக் கலைமதி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகன் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தவன். போலீஸ் சுட்டதில் இறந்துபோனான். அந்தம்மாவின் தாய்மொழி கோண்டி. கலைமதிக்கு, தமிழரசனோடு வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்தபோது காய்கறிக்காரியிடம் பழகிய இந்தி. இருவருக்கும் இந்தி அரைகுறைதான்.

கேள்வி கேட்கிறவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று பாடத்தில் இருந்தது. ஆனால் அந்தம்மா நேராகவே கேட்டார்: "உன் புருஷன் என்ன வேலை?"

கலைமதி பொய் சொல்லவில்லை. எதிர்முனையில் ஒரு சேவல் கூவுவது மட்டும் கேட்டது. பிறகு லைன் கட்டானது. அடுத்த நாள் பத்திரிகைக்காரர் செய்தி அனுப்பினார்: தன்னைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று அந்தம்மா சொல்லிவிட்டாராம்.

மழைக்காலம் தொடங்கி, உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே நம்பரிலிருந்து போன் வந்தது. கலைமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு எடுத்தாள்.

"நீ முகத்தைப் பார்த்தியா?" என்றார் அந்தம்மா.

"இல்ல. பெட்டியைத் திறக்கவிடல."

"எனக்கும் காட்டல. ஒரு துணிப் பொட்டலமாத்தான் கொடுத்தாங்க."

பிறகு அந்தம்மாவே சொன்னார்: "என் பையன் குண்டு வச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நீ கேட்பேன்னு பயந்துதான் அன்னைக்கு போனை வச்சுட்டேன்."

கலைமதி கேட்கவில்லை. இத்தனை வருஷம் சுமந்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது.

அடுப்படியில் நின்றிருந்த பாப்பாத்திக்கு இந்தி புரியாது. மருமகள் தரையில் உட்கார்ந்து அழுவது புரிந்தது. "யாரு புள்ள போன்ல?" என்று கேட்டார். கலைமதி உள்ளபடியே சொன்னாள்.

"என் புள்ளைய கொன்னவங்க கூடவா பேசினு இருக்க?"

"அந்தம்மா கொல்லல அத்த."

"பெத்தவ தானே!"

பாப்பாத்தி அன்றைக்கே இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பெருமுக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். கலைமதி போன் செய்தால் நாத்தனார் எடுப்பாள்: "அம்மா தூங்குது அண்ணி."

அந்த மழைக்காலம் முழுக்கக் கலைமதி ஒருத்திக்கு மட்டும் சமைத்தாள். பல நாள் சமைக்கவே இல்லை. ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தம்மாவின் பேச்சு ஒரு வரிகூட இல்லாமல், மற்றவர்கள் எழுதியதை வைத்தே ஆய்வை எழுதி முடித்தாள். சுமாரான மார்க்தான் வந்தது, தேறிவிட்டாள். பட்டமளிப்பு விழாவைப் போனில் பார்த்தாள். அவள் பெயரைப் படித்தவர் உச்சரிக்கத் திணறினார். பார்த்து முடித்துவிட்டு, காயப்போட்டிருந்த துணியை எடுக்கப் போனாள்.

தை பிறந்து உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஆள் கூப்பிட்டபோது பாப்பாத்தி திரும்பி வந்தார். வேலைக்காக வந்ததாகத்தான் சொன்னார். சில நாள் அவசியத்துக்கு மட்டும் பேச்சு: உப்பு இருக்குதா, கேஸ் வந்துச்சா. ஒரு மாலை, வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அந்தப் பொம்பளைக்கு வேற புள்ளைங்க இருக்குதா?"

"இல்ல அத்த. ஒரே புள்ளதான்."

பாப்பாத்தி அடுத்த மீனைக் கையில் எடுத்தார். கலைமதி எதிரே உட்கார்ந்து, சட்டியில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.