மரியாவுக்கு எத்தனை புள்ளி?

வேதப்பகுதியை விளக்குகிற வேலையில், வேதத்தில் பதில் உள்ள கேள்வி ஒன்றுகூட வராது. செபக்கூட்டம் நடத்தி வாய் உலர்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முரசுமோட்டையில் வீடு வீடாக நடக்கும் எங்கள் வேதவாசிப்புக்கு, பட்டம் படித்தவள் என்று ஃபாதர் என்னைப் பொறுப்பாக்கினார். நாலு பேருக்கு முன்னால் எழும்பினால் எனக்குக் குரல் போய்விடும் என்பதை அவர் கேட்கவில்லை.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்துக்குரிய பகுதி, பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் மரியாவிடம் சொன்னது. அந்தக் கிழமைதான் செல்வியக்கா முதன்முறையாக வந்து வாசலோரம் அமர்ந்தார். கலியாணமாகிப் பதின்மூன்று வருடம், பிள்ளை இல்லை. அவர் மனம் நோகாமல் இதை எப்படி வாசித்து முடிப்பது என்பதுதான் என் பயம்.

ஆளில்லாத வீடு

வானதூதர் வீட்டுக்குள் வந்தார் என்பதுவரை வாசித்தேன். மலரக்கா கையை உயர்த்தினார். நிச்சயம் செய்த பெட்டை தனியே இருந்தாளா, தாய் எங்கே போனவர், நாய் குரைக்கவில்லையா? வேதத்தில் நாய் இல்லை என்றேன். அரை மணித்தியாலம் அதிலேயே போனது. கடைசியில் மலரக்காவே தீர்ப்புச் சொன்னார்: "ஆர் அனுப்பின ஆளா இருந்தாலும் படலைக்கு வெளியில நிண்டெல்லோ கதைச்சிருக்கோணும்."

தெரிவு

அரசாங்க வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் நிரப்பாதவர் எங்கள் ஊரில் இல்லை. பிள்ளைகள் எத்தனை, கூரை என்ன என்று பார்த்துப் புள்ளி போட்டுத்தான் தெரிவு. அதனால் மரியா தெரிவுசெய்யப்பட்டார் என்றதும், அவருக்கு எத்தனை புள்ளி என்று தவமண்ணை கேட்டார். புள்ளியே இல்லை, அவர் விண்ணப்பிக்கவும் இல்லை, எல்லாம் கடவுளின் அருள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"விண்ணப்பிக்காமல் கிடைச்சதெண்டால், மேலிடத்தில ஆரோ தெரிஞ்ச ஆள் இருந்திருக்கு," என்றார் தவமண்ணை.

ஐந்து மாதம்

மரியாவின் உறவினர் எலிசபெத்து, முதிர்ந்த வயதில் கருவுற்று ஐந்து மாதம் வெளியில் வராமல் இருந்தார் என்று வருகிறது. ஊருக்கே பிரசவம் பார்த்து இளைப்பாறிய குடும்பநல மாது புஸ்பமக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு மாசம் ஒளிச்சிருந்தா கிளினிக் காட் ஆர் போடுறது?" சிரிப்பு அடங்கக் கனநேரம் எடுத்தது. செல்வியக்கா மட்டும் சிரிக்கவில்லை. இனி இவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து நான் செருப்பைத் தேடும்போது அவர் என் பக்கத்தில் வந்து, எலிசபெத்துக்கு அப்போது என்ன வயது என்று கேட்டார். வயது போனவர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றேன்.

"அப்ப என்ர நாப்பத்தொண்டைவிடக் கூட எண்டு வைப்பம். அடுத்த கிழமையும் இதைத்தானே வாசிப்பீங்கள், தங்கச்சி?"

குடிலில் பாலன் பிறந்து, சோடனைகளும் கழற்றியாகிவிட்டது. எங்கள் கூட்டம் மட்டும் இன்னும் எலிசபெத்து வீட்டிலேயே நிற்கிறது.